அடி, மீட்டர், சென்டிமீட்டர் கலந்து கிடக்கும்போது தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுவது எப்படி?

வீட்டுச் சம்ப்பில், அதாவது தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டியில், எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது, கட்டும்போது மேஸ்திரி வாயில் வந்த எண்ணைத்தான். சரி, நாமே அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தால் இன்னொரு சிக்கல் வரும். நீளத்தைக் கொத்தனார் அடியிலும் இன்ச்சிலும் சொல்லியிருப்பார், அகலம் பிளானில் மீட்டரில் இருக்கும், தண்ணீர் நிற்கும் உயரத்தை நாம் கம்பை விட்டுப் பார்த்துச் செ.மீ.யில் குறித்திருப்போம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தப்பு எங்கே நடக்கிறது என்றால், மூன்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் பெருக்கிவிட்டு, வந்த விடையை என்ன செய்வதென்று தெரியாமல் ஏதோ ஒரு எண்ணால் வகுப்பதில்தான் நடக்கிறது.

அதனால் முதலில் அலகு, அப்புறம் பெருக்கல். எந்த அலகுக்கு மாற்றுவது என்பது கடைசியில் உங்களுக்கு என்ன விடை வேண்டும் என்பதைப் பொறுத்தது. லிட்டர் வேண்டுமென்றால் மூன்றையும் செ.மீ.க்கு மாற்றுங்கள், ஏனென்றால் 1000 கன செ.மீ. சேர்ந்தால் ஒரு லிட்டர், வேறு எந்த எண்ணையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. மணல், ஜல்லி, கான்கிரீட் என்று கன அடியில் வேண்டுமென்றால் மூன்றையும் அடிக்கு மாற்றுங்கள்.

மாற்றுவதற்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு இன்ச் 2.54 செ.மீ. இது தோராயமான எண் கிடையாது. 1959-இல் ஆங்கில அளவுகளைப் பயன்படுத்திய நாடுகள் சேர்ந்து ஒரு இன்ச் என்பது சரியாக 25.4 மி.மீ. என்று முடிவுசெய்துவிட்டன, அதனால் தயங்காமல் இதையே பயன்படுத்தலாம். ஒரு அடிக்கு 12 இன்ச், ஆக 30.48 செ.மீ. கொத்தனாரும் ஆசாரியும் "நூல்" என்று சொன்னால் அது இன்ச்சில் எட்டில் ஒன்று, மூன்று மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஐந்து அடி ஏழு இன்ச் மூன்று நூல் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், 60 கூட்டல் 7 கூட்டல் 0.375, மொத்தம் 67.375 இன்ச், அதை 2.54 ஆல் பெருக்கினால் 171.13 செ.மீ.

இப்போது ஒரு சம்ப்பை எடுத்துக்கொள்வோம். உள்நீளம் 8 அடி 3 இன்ச், அகலம் 1.6 மீட்டர், தண்ணீர் நிற்கும் உயரம் 140 செ.மீ. எட்டு அடிக்கு 96 இன்ச், அதோடு 3 சேர்த்தால் 99 இன்ச், 2.54 ஆல் பெருக்கினால் 251.46 செ.மீ. அகலம் 160 செ.மீ. உயரம் ஏற்கெனவே செ.மீ.யில்தான் இருக்கிறது.

251.46 × 160 × 140 = 56,32,704 கன செ.மீ.

ஆயிரத்தால் வகுத்தால் 5632.7 லிட்டர். கணக்கு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இந்த மூன்று எண்களையும் ஒழுங்காகப் பெறுவதிலும், கால்குலேட்டரில் சறுக்காமல் இருப்பதிலும் இருக்கிறது, அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அதிகம் பேர் செய்யும் தப்பு, 8 அடி 3 இன்ச்சை 8.3 என்று அடிப்பது. அடியில் பன்னிரண்டு இன்ச் இருக்கிறது, பத்து இல்லை. 3 இன்ச் என்பது கால் அடி, ஆகவே அது 8.25. இந்த இடத்தில் வித்தியாசம் சின்னதுதான், மொத்தத்தில் 34 லிட்டர் கூடுதலாகக் காட்டும். ஆனால் 8 அடி 10 இன்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைப் புள்ளி போட்டு 8.10 என்று அடித்தால் கால்குலேட்டருக்கு அது 8.1 அடி. 8 அடி 9 இன்ச்சை 8.9 என்று அடித்திருப்பீர்கள். நீளமான தொட்டி குட்டையாகிவிடும், குட்டையானது நீளமாகிவிடும்! உண்மையில் 9 இன்ச் 0.75 அடி, 10 இன்ச் 0.833 அடி. இன்ச்சைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டுத்தான் புள்ளிக்குப் பின்னால் போட வேண்டும். கடைக்காரர்கள் சீட்டில் "8.3" என்று எழுதிக் கொடுத்தால் அது எட்டு அடி மூன்று இன்ச்சா, எட்டு புள்ளி மூன்று அடியா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், இரண்டு பழக்கமும் இருக்கிறது.

அடுத்தது போன் கால்குலேட்டர். 8 × 12 + 3 × 2.54 என்று ஒரே மூச்சில் அடித்தால் அது முதலில் இரண்டு பெருக்கல்களையும் முடித்துவிட்டு அப்புறம்தான் கூட்டும், விடை 103.62 என்று வரும். எட்டடித் தொட்டி மூன்றரை அடியாகச் சுருங்கிவிடும். 8 × 12 + 3 அடித்ததும் சமக்குறியைத் தட்டி 99 வந்ததா என்று பாருங்கள், அப்புறம் 2.54 ஆல் பெருக்குங்கள். மளிகைக்கடையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டர் வரிசையாகச் செய்துகொண்டே போகும், அதில் இந்தப் பிரச்சினை இல்லை. எந்தக் கால்குலேட்டர் எப்படி என்று யோசிப்பதைவிட நடுவில் சமக்குறி போடும் பழக்கம் நல்லது.

மூன்றாவது தப்பு கொஞ்சம் ஆழமானது, படித்தவர்களும் விழும் இடம். ஒரு மீட்டருக்கு 3.28 அடி, சரி. அதனால் ஒரு கன மீட்டருக்கு 3.28 கன அடி என்று போட்டுவிடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்று பக்கமும் அந்த 3.28 வருகிறது அல்லவா, ஆகவே மூன்று முறை பெருக்க வேண்டும்: ஒரு கன மீட்டர் 35.31 கன அடி. அதே மாதிரி ஒரு கன அடிக்குள் 12 கன இன்ச் இல்லை, 12 × 12 × 12 என்று 1728 கன இன்ச் இருக்கிறது. ஒரு அடி நீள அகல உயரமுள்ள பெட்டிக்குள் ஒரு இன்ச் கட்டைகளை அடுக்கிப் பார்ப்பதாக மனசில் நினைத்தால் இது தானாகவே விளங்கிவிடும்: அடித்தட்டில் மட்டும் 144, அப்படிப் பன்னிரண்டு தட்டு.

ஏற்கெனவே கலந்து பெருக்கிவிட்டீர்கள் என்றால் அந்த விடையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேலே சொன்ன சம்ப்பையே 8.25 × 1.6 × 140 என்று போட்டால் 1848 வரும். இது கன அடியும் இல்லை, கன மீட்டரும் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு அடி, ஒரு மீட்டர், ஒரு செ.மீ. இருக்கின்றன. அடிக்காக 30.48 ஆலும் மீட்டருக்காக 100 ஆலும் பெருக்கிவிடுங்கள், அதே 56,32,704 வந்து நிற்கும். கணக்கைச் சரிபார்ப்பதற்கு இது நல்ல வழி, இரண்டு பாதையிலும் ஒரே எண் வந்தால் நிம்மதி.

கன அடியிலிருந்து லிட்டருக்குப் போக 28.32 ஆல் பெருக்க வேண்டும். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் செய்தித்தாளும் வேறு மாதிரி புரியும். மேட்டூர் அணைக்கு வினாடிக்கு பத்தாயிரம் கன அடி தண்ணீர் வருகிறது என்று போட்டால், வினாடிக்கு 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2832 கோடி லிட்டர். 120 அடிக்கு நிரம்பிய மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யை இதோடு பெருக்கிப் பாருங்கள், அளவின் பிரம்மாண்டம் அப்போதுதான் உறைக்கும்.

சரி, சம்ப்புக்கு வருவோம். அளக்கும்போது கவனிக்க வேண்டியதில் முதலாவது உள்ளளவு. வெளியே நின்று சுவரோடு சேர்த்து அளந்தால் ஒன்பது இன்ச் சுவர் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அடியைச் சாப்பிட்டுவிடும். பிளானில் உள்ள அளவு பெரும்பாலும் பூசுவதற்கு முன்னால் உள்ளது. நம் எடுத்துக்காட்டில் அந்த 1.6 மீட்டர் பூச்சுக்கு முந்தியது என்று வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு 15 மி.மீ. பூசினால் அகலம் 1.57 மீட்டராகிவிடும், 105 லிட்டர் குறைந்துவிடும். நீளத்திலும் அதே கதைதான். ஆகவே பிளானை நம்பாமல் டேப்பை வைத்துப் பாருங்கள்.

டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும். பழுது என்று நினைத்து அதைத் தட்டி இறுக்கிவிட வேண்டாம். அந்த ஆட்டம் சரியாகக் கொக்கியின் தடிமன் அளவுதான் இருக்கும். வெளியே மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே நகரும், சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே நகரும், இரண்டு விதத்திலும் அளவு ஒன்றாக வருவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சுவருக்குச் சுவர் அளக்கும்போது டேப்பை மூலையில் மடக்கிக் குத்துமதிப்பாகப் படிக்காமல், டேப்பின் பெட்டியையே எதிர்ச் சுவரில் முட்ட வைத்து, பெட்டியின் நீளத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். நிறைய டேப்புகளில் அந்த நீளம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.

நீளத்தை இரண்டு இடத்தில், அகலத்தை இரண்டு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் ஒரு தடவை அளந்து பாருங்கள், இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் தொட்டி சதுரம் தப்பாமல் இருக்கிறது என்று அர்த்தம். தரையில் சரிவு கொடுத்திருந்தால் மேடான பக்கத்து ஆழத்தையும் பள்ளமான பக்கத்து ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கிக்கொள்ளலாம். உள்ளே தூணோ படியோ இருந்தால் அதன் கன அளவைத் தனியாகப் போட்டுக் கழிக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அளப்பதற்காக மூடிய தொட்டிக்குள் தனியாக இறங்காதீர்கள். நாள்பட மூடிக்கிடந்த தொட்டியில் மூச்சுவிடக் காற்று இருக்காமல் போகலாம், உயிர் போன சம்பவங்கள் நம் ஊரில் திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருக்கின்றன. சம்ப் சுத்தம் செய்ய மூடியை நன்றாகத் திறந்துபோட்டு, காற்று மாறவிட்டு, மேலே ஆள் நிற்கும் நாளில் நீளத்தையும் அகலத்தையும் எடுத்துவிடுங்கள். உயரத்துக்கு உள்ளே போகவே வேண்டாம், மேலிருந்து கம்பை விட்டாலே போதும்.

உயரம் என்றால் தரையிலிருந்து மேல் தளம் வரை இல்லை. தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, மிதவை வால்வு எங்கே மூடிக்கொள்கிறதோ, அல்லது வழியும் குழாய் எங்கே இருக்கிறதோ அதுவரைதான். அதே மாதிரி அடியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மோட்டாரின் ஃபுட் வால்வு (தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடிநுனியில் இருக்கும் வால்வு) தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருந்தால் அதற்குக் கீழே உள்ள தண்ணீர் மேலே ஏறாது. நம் சம்ப்பில் அது 251.46 × 160 × 15, அதாவது 603 லிட்டர். 5632 லிட்டர் பிடிக்கும் தொட்டியிலிருந்து கைக்கு வருவது 5029 லிட்டர்தான். நகரங்களில் தண்ணீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர் ஆகிறது, ஆக இந்தச் சம்ப் ஒன்பது நாளைக்குத் தாங்கும்.

கடைசி விடையை 5632.704 லிட்டர் என்று எழுதுவதில் பொருள் இல்லை. இந்தச் சம்ப்பில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 40 லிட்டர் நிற்கிறது, நம் கம்பு அளவில் ஒரு செ.மீ. முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். 5600 லிட்டர் என்று சொன்னால் போதும். ஆனால் நடுவில் எங்கேயும் சுருக்காதீர்கள், 251.46-ஐ 250 ஆக்கிவிட்டுப் பெருக்கினால் அங்கேயே 33 லிட்டர் போய்விடும். கடைசியில் ஒரு தடவை மட்டும் சுருக்குங்கள்.

அந்த நாற்பது லிட்டரை அப்படியே விட்டுவிட வேண்டாம், என்னைக் கேட்டால் மொத்தக் கொள்ளளவைவிட அதுதான் அன்றாடம் பயன்படும் எண். நீளத்தையும் அகலத்தையும் மட்டும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அது கிடைக்கும்: 251.46 × 160 ÷ 1000 = 40.23. ஒரு இன்ச்சுக்கு என்றால் 102 லிட்டர். ஒரு நேரான பி.வி.சி. குழாயை எடுத்து, 25 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுச் சம்ப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், ஒவ்வொரு கோடும் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர். டேங்கர் லாரி வரும் நாளில் இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை, இறக்கியபின் ஒரு தடவை குழாயை விட்டுப் பாருங்கள். 5000 லிட்டர் என்று காசு வாங்கினால் மட்டம் 124 செ.மீ. ஏறியிருக்க வேண்டும். யாரோடும் சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை, குழாயில் உள்ள ஈரக்கோட்டைக் காட்டினால் போதும்.

மீன் தொட்டியில் இதே கணக்கு இன்னும் நுணுக்கமாகும், ஏனென்றால் மருந்து ஊற்றுவது லிட்டர் கணக்கில். கடையில் இரண்டு அடிக்கு ஒரு அடி, உயரம் 15 இன்ச், கண்ணாடி 5 மி.மீ. என்பார்கள். 24 × 12 × 15 பெருக்கி 4320 கன இன்ச், 1728 ஆல் வகுத்தால் இரண்டரை கன அடி, 70.8 லிட்டர் என்று வரும். அது வெளியளவு. உள்ளே நீளத்திலும் அகலத்திலும் இரண்டு கண்ணாடியின் தடிமன், சேர்ந்து ஒரு செ.மீ., கழிய வேண்டும், உயரத்தில் அடிக்கண்ணாடி அரை செ.மீ.யும் மேலே காலியாக விடும் மூன்று செ.மீ.யும் கழிய வேண்டும். 59.96 × 29.48 × 34.6 போட்டால் 61.2 லிட்டர்தான். கூழாங்கல்லும் அலங்காரப் பாறையும் போட்டால் இன்னும் குறையும். 70 லிட்டருக்கு உரிய மருந்தை அறுபதுக்கும் குறைவான தண்ணீரில் ஊற்றினால் பாதிப்பு மீனுக்குத்தான்.

கான்கிரீட் போடும்போது நீளமும் அகலமும் அடியில், தடிமன் இன்ச்சில், ஆனால் ரெடிமிக்ஸ் வண்டி வருவது கன மீட்டரில். 30 அடிக்கு 20 அடி, 5 இன்ச் தளம் என்றால் 600 சதுர அடியை 5 ஆல் பெருக்கி 12 ஆல் வகுக்க வேண்டும், 250 கன அடி. அதை 35.31 ஆல் வகுத்தால் 7.08 கன மீட்டர். பீம் இருந்தால் அதைத் தனியாகப் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள், சிந்துவதற்கும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்லுவார்கள்.

எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், வாங்கும்போது யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. லாரியின் பாடி உள்ளளவு 13 அடி 6 இன்ச் நீளம், 7 அடி 2 இன்ச் அகலம், மணல் 3 அடி 1 இன்ச் உயரம் என்றால் 13.5 × 7.167 × 3.083, கிட்டத்தட்ட 298 கன அடி, மூன்று யூனிட் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே லாரியில் மணல் மூன்றே இன்ச் இறங்கியிருந்தால் 274 கன அடிதான் இருக்கும், கால் யூனிட் காணாமல் போய்விட்டது. கண்ணுக்கு அந்த மூன்று இன்ச் தெரியாது. நடுவில் குவித்து ஓரத்தில் தாழ்த்தியிருப்பார்கள், அதனால் ஒரு மெல்லிய கம்பியை நான்கு மூலையிலும் நடுவிலும் அடித்தகடு வரை குத்தி, ஐந்து அளவையும் கூட்டி ஐந்தால் வகுத்து அதை உயரமாக எடுங்கள். மணல் லேசாக ஈரமாக இருந்தால் உப்பி அதிக இடம் அடைத்துக்கொள்ளும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூட உப்பலாம். டேப் அதைக் காட்டாது, ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து ஈரம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.